அரை நிமிட நக்கலுக்கு மூன்று மணி நேர டிவி

செய்தி வாசிப்பவர் மாதிரி கோட்டு போட்ட ஒரு தொகுப்பாளர். தோளுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் அந்த வாரம் ஏதோ ஒரு ரியாலிட்டி ஷோவில் யாரோ அழுத காட்சி பத்து விநாடி ஓடுகிறது. நின்றதும் அவர் முகத்தில் சிரிப்பே இல்லாமல் ஒரு வரி சொல்கிறார். அடுத்த கிளிப். சினிமா, சீரியல், பாட்டுப் போட்டி, பிரபலங்களின் காதல், கல்யாணம், சண்டை எல்லாவற்றையும் நியூஸ் மாதிரி வாசித்துக் கலாய்க்கிற இந்த வகை நிகழ்ச்சி, பார்க்க ரொம்பச் சுலபமாகத் தெரியும். நாலு கிளிப், நாலு கவுண்டர், முடிந்தது வேலை என்று ஆரம்பிப்பவர்கள் நிறைய. மூன்றாவது எபிசோடில் மூச்சு வாங்கும். கவுண்டர் வராமல் போவதால் அல்ல. கிளிப் தீர்ந்துபோவதால்.

இந்த வகைக்கு அமெரிக்காவில் அச்சு போட்டது 'டாக் சூப்'. 1991-இல் 'இ!' சேனலில் ஆரம்பித்தது. பகல் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த டாக் ஷோக்களில் நடக்கும் கூத்துகளை வெட்டி எடுத்துக் காட்டுவதுதான் அதன் வேலை. முதல் தொகுப்பாளர் கிரெக் கின்னியர், பிறகு சினிமா நடிகராகப் பேர் வாங்கியவர். 2002-இல் அது நின்றுபோனது. 2004-இல் அதே சேனலில் 'தி சூப்' என்று மறுபிறவி எடுத்து, ஜோயல் மெக்ஹேல் தொகுக்க 2015 டிசம்பர் வரை ஓடியது. டாக் ஷோவோடு ரியாலிட்டி ஷோவும் சேர்ந்துகொண்டதுதான் இரண்டுக்கும் இடையே பெரிய மாற்றம். பிரிட்டனில் ஐடிவியில் 2001 முதல் 2012 வரை ஹாரி ஹில்லின் 'டிவி பர்ப்' வந்தது. சீரியலில் பின்னால் நிற்கிறவர் என்ன செய்கிறார் என்று பார்க்கிற கண் அதற்கு. 2006-இல் பிபிசி ஃபோரில் வந்த சார்லி புரூக்கரின் 'ஸ்கிரீன்வைப்' கலாய்ப்பதோடு நிற்காமல், டிவி எப்படித் தயாராகிறது என்று பிரித்துப்போட்டுக் காட்டியது. வேறு வேறு ருசி. ஆனால் சமையலறை ஒன்றுதான்: நிறையப் பார்க்கிற ஒரு கூட்டம், கொஞ்சமாகக் காட்டுகிற ஒரு மேசை.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். அரை மணி நேர ஸ்லாட்டில் விளம்பரம் போகக் கையில் மிஞ்சுவது சுமார் 22 நிமிடம், அதாவது 1,320 விநாடி. டைட்டில், ஒரு சின்ன ஸ்கெட்ச், முடிவுரை எல்லாம் சேர்ந்து மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தின்னும். மீதி சுமார் 1,150 விநாடி. ஒரு யூனிட் என்பது லீடு (கிளிப்புக்கு முன்னால் வாசிக்கிற அறிமுக வரி), கிளிப், கவுண்டர் மூன்றும் சேர்ந்தது. லீடு 8 விநாடி, கிளிப் 12, கவுண்டர் 6, சிரிப்புக்கும் மூச்சுக்கும் 10 என்று வைத்தால் 36 விநாடி. ஆக 30 யூனிட்டுக்கு மேல் வேண்டும். ஒளிப்பதிவு நாளில் கையில் இருக்கிற கிளிப்பில் மூன்றில் ஒன்றுதான் திரைக்குப் போகும். ஆகவே 90 வேண்டும். ஒரு மணி நேர நிகழ்ச்சியைப் பார்த்து ஒரு கிளிப் தேறினால் அது நல்ல வேட்டை. அப்படியென்றால் வாரத்துக்கு 90 மணி நேரம் யாராவது டிவி முன் உட்கார்ந்தே ஆகவேண்டும். ஆறு பேர் இருந்தால் ஆளுக்கு 15 மணி நேரம். இரண்டு பேரை வைத்துக்கொண்டு வாராந்திர நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் எல்லாம் வேறு வழியில்லாமல் சமூக வலைத்தளத்தில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் கிளிப்பைத்தான் எடுப்பார்கள். அங்கேயே ஆட்டம் முடிந்துவிடுகிறது.

பார்ப்பது என்றால் சும்மா பார்ப்பது அல்ல. லாக் எழுத வேண்டும். ஒரு எக்செல் ஷீட் போதும்: நிகழ்ச்சி பெயர், ஒளிபரப்பான தேதி, கிளிப் தொடங்கும் டைம்கோடு (வீடியோவில் அந்த இடத்தின் நிமிடம், விநாடி), முடியும் டைம்கோடு, பேசிய வசனம் எழுத்துக்கு எழுத்து, ஏன் எடுத்தோம் என்று ஒரு வரி. கடைசிப் பத்தியைத்தான் எல்லோரும் காலியாக விடுவார்கள். "செம காமெடி" என்று எழுதினால் அது காலியாக விட்டதற்குச் சமம். நாலு நாள் கழித்து எழுத்தாளர் அந்த கிளிப்பைத் திறக்கும்போது எது காமெடி என்று தெரியாது. "அழுகிறார், ஆனால் கண்ணீர் இல்லை; பின்னால் தோழி கைப்பேசி பார்க்கிறார்" என்று எழுதினால் பாதி கவுண்டர் எழுதியாகிவிட்டது.

எதைத் தேட வேண்டும் என்பதில்தான் அனுபவம் பேசும். ஆள் தடுக்கி விழுவது, உளறுவது எல்லாம் முதல் நாள் வந்தவர் கண்ணிலும் படும். அதைவிடக் கனமான சரக்கு, நிகழ்ச்சி தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும் இடங்கள். ரியாலிட்டி ஷோவில் ஒருவர் பேச ஆரம்பிக்கிறார். வாக்கியத்தின் நடுவில் கேமரா அவர் முகத்தை விட்டு வேறு யார் முகத்துக்கோ போகிறது. குரல் மட்டும் தொடர்கிறது. அந்த இடத்தில் காதைக் கூர்மையாக வையுங்கள். மூச்சு இல்லாமல் அடுத்த சொல் வந்து ஒட்டினாலோ, குரலின் சுருதி படிக்கட்டு மாதிரி ஒரு எட்டு ஏறினாலோ, பின்னால் இருந்த ஏசி இரைச்சல் திடீரென்று மாறினாலோ, அந்த வாக்கியம் வெவ்வேறு இடத்தில் பேசியதை ஒட்டுப்போட்டது என்று சந்தேகப்படலாம். எடிட்டிங் அறையில் இதை ஃபிராங்கன்பைட் என்பார்கள். கைதட்டல் ஷாட்டும் அப்படித்தான். பார்வையாளர் வரிசையில் மஞ்சள் சட்டைக்காரர் கண்ணைத் துடைக்கிற ஷாட் ஒரே எபிசோடில் இரண்டு பாட்டுக்கு வந்தால், இரண்டாவது பாட்டுக்கு அவர் அழவில்லை. விருந்துக் காட்சியில் கிளாஸில் தண்ணீர் மட்டம், மெழுகுவர்த்தியின் உயரம், சுவர்க் கடிகாரம் மூன்றையும் பாருங்கள். "அந்த நொடியே எழுந்து வெளியேறினார்" என்று வாய்ஸ் ஓவர் சொல்லும். மெழுகுவர்த்தி பாதிக்கு மேல் உருகியிருக்கும்.

வார்த்தைகளைத் தேட இன்னொரு குறுக்கு வழி, குளோஸ்டு கேப்ஷன். ஒளிபரப்போடு வரும் அந்த எழுத்தையும் சேர்த்துப் பதிவு செய்தால், "என் வாழ்க்கையிலேயே" என்ற சொற்றொடர் இந்த வாரம் எத்தனை நிகழ்ச்சியில் எத்தனை முறை வந்தது என்று ஒரே தட்டலில் தேடி எடுக்கலாம். 'தி டெய்லி ஷோ' மாதிரி அரசியல் நையாண்டிகள் தலைவர்கள் முன்னுக்குப் பின் முரணாகப் பேசுவதைப் பிடித்ததும் இப்படித்தான். ஒரு எச்சரிக்கை: நேரலை நிகழ்ச்சியில் கேப்ஷன் பேச்சுக்குச் சில விநாடி பின்னால் வரும். தேடல் காட்டும் இடத்திலிருந்து பத்து விநாடியாவது பின்னுக்கு ஓட்டிப் பார்க்காவிட்டால், வசனம் முடிந்து தலையாட்டுகிற இடத்தில்தான் போய் நிற்பீர்கள்.

இனி ஒரு யூனிட்டை எடுத்து எழுதிப் பார்ப்போம். கற்பனையான ஒரு பாட்டுப் போட்டி. போட்டியாளர் பாடி முடித்ததும் நடுவர் மைக்கை எடுத்து, "எனக்கு வார்த்தையே வரல" என்கிறார். டைம்கோடு 31:12. பிறகு பேசுகிறார், பேசுகிறார், 34:50-ஐத் தாண்டியும் பேசுகிறார்.

முதலில் தோன்றும் கவுண்டர்: "இவர் எப்பவுமே இப்படித்தான் அறுப்பார்." இது பார்க்கிறவர் வீட்டில் உட்கார்ந்து ஏற்கெனவே சொன்ன வரி. அதையே டிவியில் திரும்பக் கேட்டால் தலையாட்டுவார், சிரிக்க மாட்டார். இரண்டாவதாகத் தோன்றுவது அவருடைய மேக்கப்பையோ உடம்பையோ பற்றி ஒன்று. சிரிப்பு வரலாம், ஆனால் கிளிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எந்த கிளிப்புக்குப் பின்னாலும் ஒட்டலாம் என்றால் அது இந்த கிளிப்பின் கவுண்டர் இல்லை. மூன்றாவது, நீளத்தை நேராகச் சொல்வது: "வார்த்தை வரலைன்னு சொல்லி மூணரை நிமிஷம் பேசினார்." இப்போது குறி சரி. ஆனால் ஜோக்கை விளக்கிவிட்டோம்.

செய்தி நடைக்கு வாருங்கள். லீடு: "இந்த வாரம் பாட்டுப் போட்டி ஒன்றில், நடுவர் ஒருவரின் வார்த்தைகள் காணாமல் போயின." கிளிப்: "எனக்கு வார்த்தையே வரல." சட்டென்று வெட்டு. திரையில் கறுப்பு, நடுவில் '3 நிமிடம் 38 விநாடிகளுக்குப் பிறகு' என்று ஒரு கார்டு, இரண்டு விநாடி. மறுபடி கிளிப்: இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார், மூன்று விநாடி. தொகுப்பாளர் காகிதத்தைச் சரிசெய்துகொண்டே: "காணாமல் போன வார்த்தைகள் அனைத்தும் பத்திரமாக மீட்கப்பட்டன."

இதில் நடுவரை யாரும் திட்டவில்லை. வெள்ளத்தில் சிக்கியவர்களுக்குச் சொல்லுகிற வாசகம் ஒரு பாராட்டுரைக்கு வந்து உட்கார்ந்ததுதான் சிரிப்பு. அரசியல் நையாண்டிக்கும் இதற்கும் வித்தியாசம் இங்கேதான். அங்கே விஷயமே பெரியது, தொகுப்பாளர் அதைக் கீழே இறக்குகிறார். இங்கே விஷயம் கடுகு. அதை "ஊர்ஜிதம் செய்யப்பட்டுள்ளது", "பரபரப்பு நிலவுகிறது", "போக்குவரத்து பாதிப்பு" என்று தூக்கித் தலைப்புச் செய்தி ஆக்க வேண்டும். அதனால் லீடு எழுதும்போது நக்கல் தொனி துளிகூடத் தெரியக்கூடாது. லீடிலேயே கண்ணடித்துவிட்டால் கிளிப் ஓடும்போது பார்வையாளர் எதற்குச் சிரிக்க வேண்டும் என்று முன்பே தெரிந்துகொண்டு காத்திருப்பார். பெயர்ச்சொல், வினைச்சொல், நிறுத்தம். அவ்வளவே. 'அதிர்ச்சி', 'விநோதம்' போன்ற சொற்களை லீடிலிருந்து அடித்துவிடுங்கள். அவை கிளிப்பின் வேலையைத் திருடுகின்றன.

வெட்டும் இடம் பற்றி ஒரு பிடிவாதம் உண்டு: கடைசிச் சொல் முடிந்து ஆறிலிருந்து எட்டு ஃபிரேம், அதற்குமேல் வேண்டாம். விநாடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 படம், என்ற கணக்கில் இது விநாடியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதைத் தாண்டினால் அந்த நிகழ்ச்சியின் சொந்தப் பின்னணி இசையோ, பக்கத்தில் இருப்பவரின் சிரிப்போ உள்ளே வரும். அவர்கள் சிரித்துவிட்டால் உங்கள் ஆள் சொல்ல ஒன்றும் மிஞ்சாது. ஒரே விதிவிலக்கு, பேசி முடித்தபின் வருகிற சங்கடமான மௌனம். அது கிடைத்தால் இரண்டு விநாடி முழுதாக விடுங்கள்.

ரியாலிட்டி ஷோவில் இசை நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் பேச்சில் சரியாக வெட்டினாலும் இசை கழுத்தை அறுத்த மாதிரி நிற்கும். வெட்டை ஒன்றிரண்டு ஃபிரேம் நகர்த்தித் தாளம் விழும் இடத்தில் கொண்டுபோய் வைத்தால் காது ஏற்றுக்கொள்ளும். ஒலி அளவில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. ஐரோப்பிய ஒளிபரப்புக்கு ஆர்128 தரப்படி மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கும் அலகு), அமெரிக்காவில் ஏ/85 படி மைனஸ் 24. இணையத்திலிருந்து எடுத்த கிளிப் பெரும்பாலும் மைனஸ் 14-ஐ ஒட்டி இருக்கும். சரிசெய்யாமல் போட்டால் கிளிப் ஒவ்வொரு முறையும் ஒன்பது, பத்து டெசிபல் தூக்கலாக வந்து அறையும்; அதன் பிறகு தாழ்ந்த குரலில் வருகிற கவுண்டர் யார் காதிலும் விழாது. கவுண்டர் எடுபடவில்லை என்று எழுத்தாளரைத் திட்டும் முன் மீட்டரைப் பாருங்கள். 29.97 ஃபிரேமில் எடுத்ததை 25 டைம்லைனில் அப்படியே இறக்கினால், கேமரா பக்கவாட்டில் நகரும் ஷாட்டுகள் திக்கும். செல்போனில் நெட்டுக்குத்தாக எடுத்தது என்றால் இரண்டு பக்கமும் மங்கலாக நிரப்புங்கள். இழுத்து அகலமாக்குவது பாவம்.

ஸ்டுடியோ பக்கம் சொல்ல அதிகமில்லை. 'தி சூப்' பச்சைத் திரை முன்னால் எடுத்ததுதான். கேட்கிற சிரிப்பு கேமராவுக்குப் பின்னால் நிற்கும் குழுவினருடையது. பார்வையாளர் கூட்டம் இல்லாமலே சிரிப்பு உயிரோடு இருக்க இது நல்ல வழி. ஒத்திகையில் அவர்களுக்கு கிளிப்பைக் காட்டக்கூடாது, அதுதான் நிபந்தனை. ஆள் துணியிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி நிற்கட்டும், துணிக்குத் தனி விளக்கு போடுங்கள். இல்லாவிட்டால் தோள் விளிம்பில் பச்சை வழியும். பெட்டி வரப்போகிற இடத்தில் ஒரு சின்ன மானிட்டர் வையுங்கள். இல்லையென்றால் ஆள் வெறும் காற்றைப் பார்த்துத் தலையாட்டுவார்.

டெலிபிராம்ப்டரில் கவுண்டருக்கு மேலே கிளிப்பின் கடைசி நாலு சொல், அதாவது அவுட்-க்யூ, வேறு நிறத்தில் இருக்க வேண்டும். அதைக் கேட்டதும்தான் தொகுப்பாளர் வாயைத் திறப்பார். அடிக்கடி நடக்கும் விபத்து: அதே சொற்கள் கிளிப்பில் இரண்டு தடவை வரும். முதல் தடவையிலேயே ஆள் பேச ஆரம்பித்துவிடுவார், திரையில் படத்தை மாற்றுகிற ஸ்விட்சரும் கேமராவுக்கு வெட்டிவிடுவார், ஜோக் இருந்த பாதி உள்ளேயே போய்விடும். அப்படிப்பட்ட கிளிப்புக்கு ரன்டவுனில், அதாவது நிகழ்ச்சியின் வரிசைப் பட்டியலில், 'இரண்டாம் முறை' என்று சிவப்பில் எழுதிவையுங்கள்.

சட்டம். "ஏழு விநாடிக்குள் எடுத்தால் கேஸ் வராது" என்று ஒரு நம்பிக்கை தலைமுறை தலைமுறையாக ஓடுகிறது. அப்படி ஒரு விதி எங்கேயும் இல்லை. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் 107-ஆம் பிரிவு நாலு விஷயத்தைப் பார்க்கச் சொல்கிறது: எதற்காக எடுத்தீர்கள், மூலம் எப்படிப்பட்டது, எவ்வளவு எடுத்தீர்கள், மூலத்தின் சந்தையை அது கெடுக்குமா. 2017-இல் நியூயார்க் ஃபெடரல் நீதிமன்றம் விசாரித்த ஒரு யூட்யூப் வழக்கில், 5 நிமிடம் 24 விநாடி வீடியோவிலிருந்து 3 நிமிடம் 15 விநாடி எடுத்திருந்தார்கள். பாதிக்கும் மேல். ஆனாலும் நியாயமான பயன்பாடு என்றுதான் தீர்ப்பு வந்தது, ஏனென்றால் துண்டு துண்டாக நிறுத்தி நிறுத்தி அதைப் பற்றியே விமர்சனம் பேசியிருந்தார்கள். பிரிட்டனில் விமர்சனத்துக்கு எடுத்தால் மூலத்தின் பெயரைக் காட்ட வேண்டும். கேலிச் சித்திரம், பகடி ஆகியவற்றுக்குத் தனி விலக்கு 2014 அக்டோபரில்தான் சட்டத்தில் வந்தது. நடைமுறையில் இதன் பொருள்: கவுண்டர் அந்த கிளிப்பைப் பற்றி இருக்க வேண்டும். கிளிப்பை வெறும் அலங்காரமாக வைத்து வேறு எதையோ பேசினால் நகைச்சுவையும் பலவீனம், வக்கீலும் பலவீனம். மூல சேனலின் லோகோவை மறைக்காதீர்கள், கீழே நிகழ்ச்சி பெயரைப் போடுங்கள். சினிமாப் பாட்டு ஓடுகிற கிளிப்பில் பாட்டுக்கு உரிமையாளர் வேறு ஆள் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒருவர் சொல்லாததைச் சொன்ன மாதிரி வெட்டவே கூடாது. அடுத்தவரின் ஒட்டுப்போட்ட வசனத்தைப் பிடித்துக் காட்டுகிற நிகழ்ச்சி தானே ஒட்டுப்போட்டால் ஒரே வாரத்தில் மானம் போகும். இதே காரணத்துக்காகத்தான் சொந்த சேனல் நிகழ்ச்சியையும் விடக்கூடாது என்பது. 'தி சூப்' தன் சேனலின் கார்டாஷியன் குடும்பத்தையே வாரத்துக்கு வாரம் வாரியது. நிர்வாகத்தில் முணுமுணுப்பு வந்தால், சொந்த வீட்டு கிளிப்பை முதல் பிரேக்குக்கு முன்னால் வையுங்கள். பார்வையாளருக்கு நம்பிக்கை வரும் இடம் அதுதான்.

தொடர் ஜோக்குகளைத் திட்டமிட்டு உருவாக்க முடியாது, கிடைத்ததைப் பிடித்துக்கொள்ளலாம். 2008-இல் ஒரு அமெரிக்கக் காலை நிகழ்ச்சியில் சீரியஸான பேச்சுக்கு நடுவே, தட்டில் ஸ்பகெட்டியோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பூனை சில விநாடி வந்து போனது. அந்த இடத்தில் ஏன் என்று யாரும் விளக்கவில்லை. 'தி சூப்' அதைப் பிடித்துக்கொண்டு பிறகு சம்பந்தமில்லாத இடங்களிலெல்லாம் அந்தப் பூனையைக் காட்டியது. அது எடுபட்டதற்குக் காரணம் விளக்கமே சொல்லாததுதான். மூன்றாவது முறை விளக்க ஆரம்பித்தால் தொடர் ஜோக் செத்தது.

வாராந்திர நிகழ்ச்சியின் பெரிய தலைவலி, செவ்வாய்க்கிழமை நடந்ததை வெள்ளிக்கிழமை காட்டுவது. அதற்குள் எல்லோர் போனிலும் அந்த கிளிப் வந்து போயிருக்கும். ஊரே பார்த்த கிளிப்பைத் தனியாகக் காட்டாதீர்கள், மூன்றாகக் காட்டுங்கள். மூன்று சேனலில் மூன்று நடுவர்கள் ஒரே வாரத்தில் "சிலிர்த்துடுச்சு" என்று கையைத் தூக்கிக் காட்டியதை வரிசையாக ஒட்டினால் அது போனில் வந்திருக்காது. அந்த வரிசையை 90 மணி நேரம் பார்த்தவர்களால் மட்டுமே கட்ட முடியும்.

கடைசியாக, ஒளிப்பதிவுக்கு ஒரு மணி நேரம் முன்பும் ஒளிபரப்புக்கு ஒரு மணி நேரம் முன்பும் ரன்டவுனில் உள்ள ஒவ்வொரு பெயரையும் ஒருவர் செய்திகளில் தேடிப் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரி, விபத்து, வீட்டில் துக்கம் என்று ஏதாவது வந்திருந்தால் அந்த யூனிட் போயிற்று, எவ்வளவு நல்ல கவுண்டராக இருந்தாலும். அந்த இடத்தை அடைக்க 36 விநாடி யூனிட் இரண்டு எப்போதும் எடிட் செய்து தயாராக இருக்கட்டும். அவற்றில் மனிதர்கள் இல்லாமல் இருந்தால் நல்லது. பூனை போதும்.